20-க்கு 60 மனையில் மர வீடு: வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் தாக்குப்பிடிக்கிற மாதிரி கட்டுவது எப்படி

அப்பா விட்டுப்போனது ரங்கூன் தாக்கேத்தாவில் 40-க்கு 60 அடி மனை. அண்ணனும் நானும் நடுவில் கயிறு கட்டிப் பிரித்ததில் எனக்கு வந்தது 20-க்கு 60. ரங்கூனில் இந்த அளவு மனை வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்போம், அதில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: நான்கு எல்லைக்கும் சுவரை முட்டவைத்து ஒரு கான்கிரீட் பெட்டி, மேலே தகரம், அப்புறம் ஒவ்வொரு அறைக்கும் ஏசி, பிறகு கரண்ட் போனதும் வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டு உட்காருவது. அண்ணன் அப்படித்தான் கட்டினார். நான் மரத்தில் கட்டினேன். என்னிடம் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏன் மரம் என்பது. செங்கல்லும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி நாம் படுத்த பிறகு மெதுவாக வெளியே விடும், ஏப்ரலில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் ஆறுகிற மாதிரி இருக்கும். மரத்தில் சூடு தேங்காது. வெயில் இறங்கி ஒரு மணி நேரத்தில் வீடும் இறங்கிவிடும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் மர வீட்டைப் புகழ்பவர்களை நம்பாதீர்கள்: முக்கால் அங்குலப் பலகை மேல் நேர் வெயில் பட்டால் பகலில் உள்ளே சுடும், செங்கல்லைவிடச் சீக்கிரமாகவே சுடும். ஆகவே மர வீட்டுக்கு நிழலும் காற்றும் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லாமல் கட்டுவதானால் செங்கல்லிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, மனை. என்னுடையது கிழக்கே தெரு, மேற்கே பின்சாக்கடை, வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து வீடுகள். அதாவது 60 அடி நீளப் பக்கங்கள் இரண்டும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தவை, திறப்பு என்று இருப்பது முன்னும் பின்னும் 20 அடி மட்டும். இது கெடுதல் மாதிரித் தெரியும், ஆனால் மேற்கு வெயில் விழுகிற சுவர் வெறும் 20 அடிதான் என்பது பெரிய கொடுப்பினை. மழைக்காலத்துக் காற்று தென்மேற்கிலிருந்து, குளிர் மாதங்களில் வடகிழக்கிலிருந்து. இரண்டுமே வீட்டின் நீளவாக்கில் ஓடப் பார்க்கும். நாம் நடுவில் சுவர் வைத்து மறிக்காமல் இருந்தால் போதும்.

மனை முழுக்கக் கட்டாதீர்கள். இதுதான் நான் சொல்ல வருவதிலேயே முக்கியமானது, இதற்குத்தான் வீட்டில் சண்டையும் வரும். நான் தெற்கே நீளவாக்கில் 3 அடி, முன்னால் 10 அடி, பின்னால் 6 அடி விட்டேன். மிச்சம் 17-க்கு 44. அதிலும் நடுவில் தெற்குப் பக்கமாக எட்டரைக்குப் பத்தடி முற்றம் ஒன்று, மேலே வானம். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இருக்கிறதே ஒரு சாண் இடம், அதிலும் நடுவில குழி விடுறியே" என்றார். அந்தக் குழி இல்லாவிட்டால் நடு வீட்டுக்குப் பகலிலும் லைட் போட வேண்டும், முன் அறைக் காற்று முன் அறையிலேயே நின்றுவிடும். ஊரில் நம் தாத்தாக்கள் முற்றம் வைத்துக் கட்டினது அழகுக்காக மட்டும் இல்லையே.

உள்ளே வகுத்தது இப்படி. தெருப்பக்கம் 16 அடிக்குக் கூடம், சாமி மாடம் அதிலேயே. அடுத்த 10 அடியில் ஒரு பாதி முற்றம், மறு பாதி படிக்கட்டு. அடுத்த 12 அடியில் அம்மாவுக்கு ஓர் அறை (படி ஏற முடியாதவர்கள் இருந்தால் கீழே ஓர் அறை கட்டாயம்), குளியலறை. கடைசி 6 அடியில் 17 அடி நீளத்துக்குச் சமையலறை, அது ஒற்றை மாடி, தனிக் கூரை, அது மட்டும் செங்கல். மாடியில் முன்னே ஒரு படுக்கையறை, பின்னே ஒன்று, இரண்டையும் சேர்க்கிற நடை முற்றத்தைப் பார்த்தபடி. இரண்டு மாடியும் சேர்த்து ஏறக்குறைய 1,200 சதுர அடி வரும். ஐந்து பேருக்கு இது போதும், வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற விருந்தாளிக்காக அறை கட்டாதீர்கள், கூடத்தில் பாய் போட்டால் தூங்க மாட்டார்களா என்ன.

மேற்குப் பக்கம் சமையலறையையும் குளியலறையையும் வைத்ததற்குக் காரணம், மூன்று மணி வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும் என்பது. அந்த நேரத்தில் அங்கே யாரும் படுத்திருக்கப் போவதில்லை. சமையலறை செங்கல்லாக இருப்பது நெருப்புக்காக. கரண்ட் இல்லாத நாளில் கரி அடுப்புதான் என்று ஆகிவிட்ட ஊரில் மரச்சுவர் பக்கத்தில் அடுப்பு வைப்பது பைத்தியக்காரத்தனம்.

இப்போது கூரை. ரங்கூன் ஏறக்குறைய 17 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலை மேல். பக்கத்து வீடுகள் இரண்டு நீளச் சுவருக்கும் நிழல் தருகின்றன. அப்படியானால் வெப்பம் எங்கிருந்து வரும்? மேலிருந்துதான். சுவருக்குச் செலவு செய்வதைக் குறைத்துக் கூரையில் போடுங்கள்.

நான் முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். கடையில் வெள்ளித்தாள், அதாவது அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பு, விற்கிறார்கள். கடைக்காரர் தகரத்தின் அடியில் ஒட்டினால் போதும் என்றார், ஒட்டினேன். மார்ச்சில் மாடி அறையில் ஏணி போட்டு ஏறி அந்தத் தாளைத் தொட்டேன், விரலைச் சட்டென்று எடுத்தேன். தகரம் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு சுட்டது. விஷயம் இதுதான்: வெள்ளித்தாள் சூட்டைத் தடுப்பது அதன் பளபளப்பால், பளபளப்பு வேலை செய்ய அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும், குறைந்தது ஓர் அங்குலம். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது இன்னொரு தகரம், அவ்வளவுதான். திரும்பப் பிரித்து, கைமரத்துக்கு, அதாவது தகரத்தைத் தாங்குகிற சாய்வுச் சட்டத்துக்கு, கீழே தாளைக் கட்டி, தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே நாலு அங்குலம் விட்டோம். பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும், மேலே பார்த்தால் ஒரே வருடத்தில் தூசி படிந்து மங்கிவிடும். அந்த நாலு அங்குலத்துக்குள் காற்று தாழ்வான ஓரத்தில் நுழைந்து உயர்ந்த ஓரத்தில் வெளியேற வழி விட்டு, இரண்டு வாயிலும் எலி நுழையாத கம்பி வலை அடிக்க வேண்டும். தாளுக்குக் கீழே இன்னோர் இடைவெளி, அதன் கீழே கண்ணாடிக் கம்பளி வைத்த சீலிங். கம்பளி மழைச் சத்தத்துக்கும் உதவும், ஜூலை மழையில் வெறும் தகரத்தின் கீழ் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. தகரத்தின் நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். பச்சையும் நீலமும் சிவப்பும் அழகுதான், ஆனால் சூட்டை இழுக்கும்.

கூரை ஒற்றைச் சரிவு, வடக்கே உயரம் தெற்கே தாழ்வு, 17 அடி அகலத்துக்கு 5 அடி ஏற்றம். வடக்குச் சுவர் எல்லைமேல் நிற்கிறது, இரட்டைச் சரிவு வைத்தால் பாதி மழை அண்ணன் வீட்டுக்குப் போகும், அண்ணன் தம்பி உறவு அதோடு போகும். ஒற்றைச் சரிவில் எல்லாத் தண்ணீரும் என் 3 அடிச் சந்தில் விழுகிறது. 60 சதுர மீட்டர் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 1,500 லிட்டர். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இது எத்தனை தடவை வரும் என்று யோசித்து, கூரைத் தண்ணீரை ஏந்துகிற பீலியின் அளவை முடிவு செய்யுங்கள், பெரிய பீலி, இரண்டு இறக்குக் குழாய். தெற்கே சரிந்திருப்பதால் சோலார் தகடும் அதே சரிவில் படுத்துக்கொள்ளும், ஏறக்குறைய 16 டிகிரி வருகிற இந்தச் சாய்வு இந்த ஊருக்குக் கச்சிதம்.

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ரங்கூனில் கூரை பறந்த வீடுகளை மறந்திருக்க மாட்டீர்கள். தகரத்துக்கு ஆணி அடிக்காதீர்கள், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ போடுங்கள். அதைவிட முக்கியம், கைமரம் உத்தரத்தோடும் உத்தரம் தூணோடும் தூண் கான்கிரீட் காலோடும் இரும்புப் பட்டையாலோ போல்ட்டாலோ சேர்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் கட்டு இல்லாமல் இருந்தால் காற்று அந்த இடத்திலிருந்து மேலே உள்ளதை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

மரம் வாங்குவது தனிக் கலை. தூணுக்கும் உத்தரத்துக்கும் பின்கடோ, தமிழில் இருள் என்கிற மரம், நல்ல கனம், கறையான் சீக்கிரம் தொடாது. ஆனால் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும் அல்லது மரம் பிளக்கும். சன்னல், கதவு, மழை படுகிற சட்டங்களுக்குத் தேக்கு, சுருங்கி விரிவது குறைவு. உள் சுவருக்கும் மேல்தளப் பலகைக்கும் கன்யின் என்கிற மரம் போதும், ஆனால் மருந்து அடிக்காமல் போடாதீர்கள், போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது மலிவு. காசு குறைவானவர்கள் இடித்த பழைய வீட்டு மரம் விற்கிற கடைகளைப் பாருங்கள். ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும், அறுக்கிறவர் ரம்பப் பல் போனால் உங்கள் கணக்கில்தான் எழுதுவார், முன்பே பேசிக்கொள்ளுங்கள். புது மரமோ பழைய மரமோ, ரசீதும் வனத்துறைக் காகிதமும் இல்லாமல் வாங்காதீர்கள், மலிவாகக் கிடைத்தது வழியில் பிடிபட்டால் மரமும் போகும் வண்டிக்காரரும் மாட்டுவார். விலை எழுதவில்லை, நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

பலகை அடிக்கிற மாதம் முக்கியம். என் சித்தப்பா ஒருவர் ஆகஸ்ட்டில் அடித்தார். மழை ஈரத்தில் பருத்திருந்த பலகை பிப்ரவரியில் சுருங்கி, 6 அங்குலப் பலகைக்கு ஒன்றரை நூல் இடைவெளி (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), உள்ளே சித்தி என்ன சமைக்கிறார் என்று தெருவிலிருந்தே பார்க்கலாம். பலகையை ஜனவரி, பிப்ரவரியில் அடியுங்கள், அடிப்பதற்கு முன் நிழலில் நடுவே குச்சி வைத்து அடுக்கி ஒரு மாதமாவது காயவையுங்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன் பள்ளத்துக்குள் போகிற காடியடித்த பலகையாக இருக்கட்டும், காடிக்குள் விரிவதற்கு அரை நூல் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். என் லெத்தமா ஸயா, எழுபது வயதுத் தச்சர், பலகைக்குப் பலகை நடுவில் ஒரு பழைய ஹேக்ஸா பிளேடை நிறுத்தி இறுக்கி, ஆணி அடித்த பிறகு பிளேடை உருவி எடுத்தார். அளவுகோலே தொடவில்லை. "மழைக்காலத்தில் இந்தப் பிளேடு உள்ளே போகாது பார்" என்று பர்மியத்தில் சொன்னார். ஆகஸ்ட்டில் சோதித்துப் பார்த்தேன், போகவில்லை.

தூண் மண்ணைத் தொடக்கூடாது. கான்கிரீட் கால் தரையிலிருந்து ஒன்றரை அடி, தண்ணீர் நிற்கிற பகுதியானால் இரண்டரை அடி. அதன் தலையில் ஒரு தகடு, ஓரங்கள் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி வளைந்தபடி, அதன்மேல் தூண். கறையான் அந்த ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வர மண்குழாய் கட்டினால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். தகட்டின் வேலை கறையானை ஒளிய விடாமல் செய்வது, பார்த்துத் துடைப்பது நம் வேலை. வீட்டுத் தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் குனிந்து டார்ச் அடிக்கிற அளவு இடம் விடச் சொல்வது அதற்காகத்தான். மூட்டை முடிச்சுகளை அங்கே திணிக்காதீர்கள்.

தூண்கள் குறுக்கே எட்டரை அடிக்கு ஒன்று, நீளவாக்கில் 8 அடியிலிருந்து 10 அடிக்குள். மாடித் தளத்துக்கு 2-க்கு 6 அங்குலச் சட்டம், ஒன்றரை அடிக்கு ஒன்று. இது என் வீட்டுக்கு எஞ்சினியர் போட்டது, உங்கள் வீட்டுக்கு உங்கள் எஞ்சினியர் போடட்டும், நகரசபையிடம் அனுமதி வாங்கவும் எப்படியும் படம் வேண்டும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் இதைச் சொல்லத் தேவையில்லை. மர வீடு லேசு, ஆட்டத்தில் அது நல்லது. ஆனால் மரச்சட்டத்துக்கு நடுவே செங்கல் அடைக்கிற நங்கப்தைக் கட்டுவதானால் செங்கல் வரிசைகளைக் கம்பி வைத்துத் தூணோடு பிணையுங்கள், இல்லையென்றால் சட்டம் நிற்கும், செங்கல் தனியாக வந்து விழும்.

நெருப்பு பற்றி. எல்லைமேல் நிற்கிற வடக்குச் சுவரில் வெளிப்பக்கம் சிமெண்ட் போர்டு, கூரை மட்டத்துக்கு மேலும் ஓர் அடி, அதில் சன்னல் கிடையாது. வயர் எல்லாம் குழாய்க்குள், மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்துகிற எர்த் லீக் பிரேக்கர் கட்டாயம். பலகைக்குப் பின்னால் வயரை வெறுமனே ஓட்டி எலி கடிக்க விடுவதுதான் பல மர வீடுகளுக்கு முடிவு. வெயில் காலத்தில் வாசலில் தொங்கவிடச் சொல்கிற கொக்கி, அடிப்பான், மணல் பை, தண்ணீர்ப் பை, இதையெல்லாம் சடங்கு மாதிரி பார்க்கிறோம், மர வீட்டுக்காரர் அப்படிப் பார்க்கக் கூடாது. தண்ணீர்ப் பையில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சன்னல்: காற்று உள்ளே வருகிற பக்கம் தாழ்வாகவும், வெளியேறுகிற பக்கம் உயரமாகவும் பெரிதாகவும். உள்சுவர்கள் சீலிங் வரை முட்ட வேண்டாம், மேல் ஒரு அடிக்கு மரக் கிராதி வைத்தால் அறைக் கதவு மூடியிருந்தாலும் காற்று முற்றத்துக்குப் போகும், அந்தரங்கம் கொஞ்சம் குறையும், பழகிவிடும். கொசுவலை காற்றை நன்றாகவே குறைக்கும், அதற்கு ஈடாகச் சன்னலைப் பெரிதாக்குங்கள், வலையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், டெங்கு ஊர் இது. ஏசி வேண்டும் என்றால் ஒரே ஓர் அறையில் மட்டும், அந்த அறைக்குக் கிராதி வேண்டாம், உள்பக்கம் ஜிப்சம் போர்டு அடித்து இடுக்குகளை அடையுங்கள். பலகைச் சுவர் அறையில் ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

வீடு இப்படி இருந்தால் சோலார் கணக்கு சின்னதாகிவிடும். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடுகிற மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட். மூன்று ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 900 வாட் மணி. 9 வாட் எல்இடி ஆறு, ஐந்து மணி நேரம், 270. மொத்தம் 1,170. 12.8 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட் மணி இருக்கும், இன்வர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் இழுத்துப் பிடித்தமாதிரிதான், அதனால் நான் இரண்டு வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜை இதில் சேர்க்கவில்லை. மழைக்காலத்தில் நாள்கணக்கில் மேகம் மூடியிருக்கும், அப்போது தகடு கொடுப்பது அற்பம், பகலில் கரண்ட் வருகிற நேரத்தில் பேட்டரி ஏறுகிற மாதிரி இணைப்பு வைக்கச் சொல்லுங்கள். பேட்டரியை மாடிக்கூரையின் கீழ் வைக்காதீர்கள், சூட்டில் ஆயுள் போகும், படிக்கட்டின் கீழ் வையுங்கள்.

வேலை வரிசை: நவம்பரில் கால் போடுங்கள், டிசம்பருக்குள் தூணும் உத்தரமும், ஜனவரி பாதிக்குள் கூரை, அப்புறம் பலகை. ஏப்ரலில் திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டு, வந்தால் தச்சர் பத்து நாள் ஊருக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது மழைக்குச் சில வாரமே மிச்சம். வெளிச்சுவருக்கு யேநான்சே, அந்தக் கறுப்பு எண்ணெய்க் கசடு, அடிப்பதானால் திஞ்சானுக்கு முன்னால் அடியுங்கள், அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எனக்குக் கறுப்பு வீடு பிடிக்கும், வீட்டம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் முன்பக்கம் மட்டும் தேக்கெண்ணெய். ஆனால் கறுப்பு பூசிய சுவர் சூட்டை இழுக்கும், எனவே நிழலில் இருக்கிற சுவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நெருப்புப் பக்கம் போகவே கூடாது. பூசுகிற அன்றும் அதற்கு அடுத்த மூன்று நாளும் சந்தில் துணி காயப்போடாதீர்கள். என் பள்ளிக்கூடப் பையன்களின் வெள்ளைச் சட்டைகள் அந்த வாசனையோடுதான் அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்குப் போய்வந்தன.